தையல்காரர் விசாவில் ஒரு சென்டர் ஃபார்வர்ட்

அரசாங்கக் கடிதம் எதுவானாலும் நான் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிப்பேன். முதல் பத்தியில் மரியாதை இருக்கும், நடுவில் சட்டப்பிரிவுகள் இருக்கும், கெடு கடைசியில்தான் இருக்கும். அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் பிள்ளைகள் கால்பந்து பழகுகிற மைதானத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, அந்த பிரேசில்காரர் என்னிடம் நீட்டிய கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். இருபத்திரண்டு நாள் இருந்தது. கெடு எக்காரணம் கொண்டும் நீட்டிக்கப்படாது என்று ஒரு வரி. நம் ஊரில் இந்த வரியைப் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். இங்கே நம்பித்தான் ஆக வேண்டும்.

"என்ன முதீர், கெட்ட சேதியா?" என்று அரபியில் கேட்டார்.

முதீர் என்றால் மேலாளர். வளைகுடாவில் ஒரு சின்ன ஊரின் கால்பந்துக் கழகத்தில் நான் அலுவலக மேலாளராக இருந்த காலத்தில், அவர் அங்கே ஐந்து வருடம் சென்டர் ஃபார்வர்டாக ஆடினார். ஆட்டக்காரர்கள் வரும்போது விசா, ஆடும்போது பதிவு, அடிபட்டால் ஆஸ்பத்திரி, போகும்போது டிக்கெட், எல்லாம் என் மேஜை வழியாகத்தான். நான் ஓய்வு பெற்று, அதுவரை ஈரோட்டிலேயே இருந்த மனைவியோடு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவருடைய முழங்கால் ஓய்வு பெற்றுவிட, நியூ ஜெர்சியில் ஒரு கால்பந்துப் பள்ளி அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை பேத்தியின் பயிற்சிக்குத் துணையாகப் போனவன், தூரத்தில் இடதுகாலைக் கொஞ்சம் தாமதமாக எடுத்து வைக்கிற ஒரு முதுகைப் பார்த்தேன். அந்த முழங்காலின் எக்ஸ்ரே அத்தனையையும் கோப்பில் போட்டவன் நான். நாங்கள் இருவரும் மைதானத்தின் நடுவில் நின்று சந்தை அரபியில் கத்திக்கொண்டதை அமெரிக்க அம்மாக்கள் வேடிக்கை பார்த்தார்கள். அரபி பேசினால் வேடிக்கை மட்டும் பார்த்த காலம் அது.

கடிதத்தின் விஷயம் இதுதான். பள்ளி அவருக்காக கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்தது. அரபு நாட்டில் ஐந்து வருடம் கழக ஆட்டக்காரராகவும் இளைஞர் அணிப் பயிற்சியாளராகவும் இருந்தவர் என்று அதில் சொல்லியிருந்தது. குடியேற்ற அலுவலகம் அவருடைய பழைய பாஸ்போர்ட்டின் அரபிப் பக்கங்களை மொழிபெயர்த்துத் தரச் சொன்னது. மொழிபெயர்ப்பு போனது. இக்காமா, அதாவது அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி, குத்தியிருந்த பக்கத்தில் தொழில் என்ற இடத்தில் 'தையல்காரர்' என்று இருந்தது. தையல்காரர் எப்படிக் கால்பந்து ஆட்டக்காரர் ஆனார் என்று ஆதாரத்துடன் விளக்கவும், தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். நிராகரித்தால் அவரும் மனைவியும் இரண்டு பெண்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"என்னைப் போய் தையல்காரன்னு எழுதியிருக்கான். மொழிபெயர்த்தவன் உளறிட்டான் முதீர். நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதும்னு ஸ்கூல் வக்கீல் சொல்றார்."

அவருக்கு அரபி பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. மொழிபெயர்த்தவர் உளறவில்லை. அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தவன் நான்.

அந்த நாட்டின் லீக் அப்போது காகிதத்தில் அமெச்சூர் லீக். கழகம் யாரையும் வேலைக்கு வைக்க முடியாது, ஆகவே யாருக்கும் விசா எடுக்கவும் முடியாது. ஆட்டக்காரர்கள் மட்டும் பிரேசிலிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்தபடி இருந்தார்கள். கழகத் தலைவருக்குச் சொந்தமாக ஒரு திரைச்சீலைக் கடை இருந்தது. அந்தக் கடைக்கு அரசாங்கம் ஒதுக்கிய விசாக்கள்: எட்டு தையல்காரர், இரண்டு டிரைவர், ஒரு சமையல்காரர். அதை வைத்துத்தான் நான் அணிக்கு ஆள் சேர்த்தேன். நடுக்களம் முழுக்கத் தையல்காரர்கள். கோல்கீப்பருக்கு டிரைவர் போட்டேன். அவரிடம் லைசென்சாவது இருந்தது. எல்லாக் கழகங்களும் இதைத்தான் செய்தன. எல்லா அதிகாரிகளுக்கும் தெரியும். எல்லா முத்திரைகளும் அசல். வளைகுடாவுக்குப் போன நம் ஆட்களே கணக்கர் கொத்தனார் விசாவிலும் எலெக்ட்ரீஷியன் ஆடு மேய்க்கிற விசாவிலும்தான் இருந்தார்கள். அதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. ரெடிமேட் கடையில் இருக்கிற சட்டையில் ஒன்றை மாட்டிக்கொண்டு வருவதைப் போலத்தான்.

பொய் என்று எனக்கே தோன்றியது வேறொன்று. இக்காமா கைக்கு வந்த அன்று அவர் என் மேஜை முன் நின்று, அந்த இடத்தில் விரலை வைத்து, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஆட்டக்காரர் என்றேன். விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆகும். அன்று வியாழக்கிழமை, பாதி நாள் அலுவலகம்.

பிறகு ஒரு நாள் தொழிலாளர் துறை ஆய்வாளர் கடைக்கு வந்து, தையல்காரர்களை நேரில் பார்க்க வேண்டும் என்றார். ஓடிப்போய் இவரைக் கூட்டிவந்து தையல் இயந்திரத்தின் முன் உட்காரவைத்தேன். தலைவர் கடைக்கு விளம்பரப் படம் எடுக்கிறோம் என்று சொன்னேன். நம்ப வேண்டுமே என்று கழகத்து கேமராவில் நிஜமாகவே ஒரு படமும் எடுத்தேன். ஆய்வாளர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் இடதுகாலை நம்பாதே என்று புத்தி சொல்லிவிட்டு, எட்டு தையல்காரர்களும் பணியில் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டார். படத்தின் பிரதி இரண்டை இவர் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது கடிதத்தோடு கொண்டுவந்திருந்த ஆதாரக் கட்டில் அந்தப் படமும் இருந்தது. கழகத்தின் பச்சைச் சட்டை, ஊசிக்குக் கீழே பூப்போட்ட துணி, முகம் முழுக்கப் பல். அவர் பிள்ளைகளைப் பார்த்து விசில் ஊதிய நேரத்தில் அதை உருவி என் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கட்டுக்குள் இருந்த மற்றவை எதற்கும் உதவாதவை. அரபுச் செய்தித்தாள்கள் அவரைச் செல்லப்பெயரில் மட்டுமே எழுதியிருந்தன. பிரேசில் ஆட்டக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். பாஸ்போர்ட்டிலோ ஐந்து சொல் நீளத்தில் ஒரு பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. படங்களைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், பழைய செய்தித்தாளில் எல்லோருக்கும் ஒரே மீசை. கழகத்துக்கு எழுதிக் கேட்டதற்குப் புதிய நிர்வாகம் ஃபேக்ஸ் அனுப்பியிருந்தது: எங்கள் பதிவேட்டில் இப்படி ஓர் ஊழியர் இல்லை. பதிவேட்டின்படி உண்மை. அவர் திரைச்சீலைக் கடை ஊழியர்.

வாக்குமூலம் ஒன்றைத் தயாரித்தேன். கழகத்தின் மேலாளர் என்ற முறையில் இவரை அறிவேன், விசாவில் உள்ள தொழில் என்பது ஒதுக்கீட்டின் பெயர் மட்டுமே என்று இரண்டு பக்கம். யார் அந்தச் சொல்லை எழுதினார்கள் என்பதைச் செயப்பாட்டு வினையில் வைத்தேன். "குறிக்கப்பட்டது." முப்பது வருட அலுவலக அனுபவம் கற்றுத்தருவது இதைத்தான்.

அதை இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னது என் தவறு.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, உங்க கிரீன் கார்டு இன்டர்வியூ எப்போ?"

"அவர் கெடு முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு."

"அதான். உங்க இன்டர்வியூ முடியட்டும். அப்புறம் என்ன வேணா சைன் பண்ணிக் குடுங்க."

"அதுக்குள்ள அவர் கேஸ் முடிஞ்சுடும்மா."

"அப்பா, ப்ளீஸ். கவர்ன்மென்ட் டாக்குமென்ட்ல ஃபால்ஸா போட்டேன்னு நீங்களே அட்மிட் பண்ணப் போறீங்க. அடுத்த வாரம் அதே ஆபீஸ்ல போய், எனக்கு கிரீன் கார்டு குடுங்கன்னு கேக்கப் போறீங்க. இதுல என்ன லாஜிக்?"

வாரநாட்களில் டெக்சஸில் வேலை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை விமானத்தில் வரும் மருமகனை ஸ்பீக்கர் போனில் பிடித்தாள். அவர் எந்தப் பக்கமும் சாயாத மனிதர். "மாமா, டெக்னிக்கலா நீங்க சொல்றது கரெக்ட்," என்றார். "ஆனா பிராக்டிக்கலா வேணாம்."

மனைவிக்கு ஈரோட்டுப் பேச்சு இன்னும் போகவில்லை. "ஏனுங்க, இங்க வந்தும் ஒரு ஆபீசத் தொறந்து உக்காந்துக்கிட்டீங்களா? உங்குளுக்கு இல்லீன்னு சொல்லி அனுப்பிச்சுட்டா நான் மட்டும் இங்க இருந்து என்னத்தப் பண்றது?"

பேத்தி மட்டும் என்னைப் பார்த்தாள். "தாத்தா, இஸ் கோச் கோயிங் அவே?"

மனைவி அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

சட்டப்படி எனக்கு ஆபத்தில்லை என்று எனக்குத் தெரியும். என் விண்ணப்பத்தில் உள்ள கேள்வி அமெரிக்க விசாவுக்காகப் பொய் சொன்னாயா என்பதுதான். திரைச்சீலைக் கடையைப் பற்றியதல்ல. ஆனால் சட்டம் படிப்பவன் ஒருவன், முத்திரை வைத்திருப்பவன் இன்னொருவன். முத்திரை வைத்திருப்பவனுக்கு ஒரு சந்தேகம் வந்தால் போதும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

பள்ளியின் வக்கீல் என் வாக்குமூலத்தை நான்கு நாளில் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் பென்சிலில் கேட்டிருந்தார்: குறிக்கப்பட்டது என்றால் யாரால்? தொழில் என்பது வெறும் ஒதுக்கீட்டுப் பெயர் என்பதற்கு உங்கள் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் உண்டா? நல்ல வக்கீல். எனக்குக் கீழே வேலை பார்த்திருந்தால் முன்னேறியிருப்பார்.

பதினோரு நாள் மிச்சம். போன் கார்டு வாங்கி மொராக்கோவிலிருந்த பழைய கோல்கீப்பரைத் தேடினேன், எண் மாறிவிட்டது. கடையின் பழைய மேஸ்திரியைத் தேடினேன். ஆள் மலப்புறத்தில் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. எதையும் தூக்கிப் போடாதவன் என்று மனைவி திட்டுகிற என் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கோப்பாகப் பிரித்துக் கட்டிலில் பரப்பினேன். கடை ஒதுக்கீட்டு உத்தரவின் நகல் கிடைத்தது. எட்டு, இரண்டு, ஒன்று. அதுமட்டும் போதாது, தையல்காரராக வந்தவர் தைக்கவில்லை என்பதை அது சொல்லாது. அதே ஒதுக்கீட்டில் வந்து, வேறு வேலை பார்த்த இன்னொருவரின் பாஸ்போர்ட் வேண்டும்.

அது பெட்டியின் அடியில் இருந்தது. எட்டு தையல்காரர், இரண்டு டிரைவர், ஒரு சமையல்காரர். நான் போய்ச் சேர்ந்தபோது மற்ற பத்தும் பழைய ஆட்டக்காரர்களிடம் இருந்தன, மீதமிருந்தது அந்த ஒன்றுதான். என் பழைய பாஸ்போர்ட்டின் இக்காமாப் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில், நானே எனக்குத் தட்டச்சு செய்துகொண்டது: சமையல்காரர். என் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் முந்தைய தொழில் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது: நிர்வாக அதிகாரி.

அவருடைய விசாவின் பொய்யை உடைக்க என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் என்னுடைய பொய்.

இரண்டு நாள் அந்தப் பாஸ்போர்ட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருந்தேன். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள். பயிற்சி முடிந்து பேத்தியைக் கூட்டிவரப் போனவள், எனக்கும் ஒரு கேஸ் இருக்கிறது, நான் கையெழுத்துப் போட்டால் அது கெட்டுவிடும் என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். மறுநாள் அவர் தன் வேனில் வீட்டு வாசலுக்கு வந்தார். இறங்கவில்லை. நான் போய் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் பந்துகள் வலையோடு உருண்டன.

"வேணாம் முதீர். எனக்குத் தெரியாது உங்களுக்கும் கேஸ் இருக்குன்னு. நான் ஊருக்குப் போறேன். அங்கயும் பிள்ளைங்க பந்து ஆடுறாங்க."

பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்தேன். மொழிபெயர்ப்பு சரி என்றேன். எழுதியது நான் என்றேன். ஆட்டக்காரர் என்று அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். விளம்பரம் என்பதும்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறைச் சன்னலில் மனைவியின் தலை தெரிந்தது.

"இதை எங்கம்மாவுக்கு அனுப்பினேன்," என்றார். "பெரிய கம்பெனி விளம்பரம்னு. அவங்க சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. தெருவுல எல்லாருக்கும் காட்டுவாங்க."

சொல்வதற்கு விதிமுறை எதுவும் இல்லை.

"பத்து வருஷமா என் பாக்கெட்டுல ஒரு தையல்காரனை வெச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் முதீர்." கோபமாகத்தான் சொன்னார். அந்தக் கோபத்தை அவர் ஆட்டங்களில் நடுவர்களிடம் காட்டிப் பார்த்திருக்கிறேன். என்னிடம் காட்டியது அதுதான் முதல் தடவை. படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உங்க விசா என்ன?" என்றார்.

"சமையல்."

திரும்பிப் பார்த்தார். "நீங்களா?"

"நான்தான்."

சிரிக்க ஆரம்பித்தவர், சன்னலில் மனைவியைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

"ஐசலினுக்கு விடுங்க," என்றேன். "நோட்டரி ஆறு மணிக்கு மூடிடுவார்." பாஸ்போர்ட்டும் இரண்டாவது வாக்குமூலமும் ஏற்கனவே என் கையில்தான் இருந்தன. இந்த முறை "நான் எழுதினேன்" என்று இருந்தது.

ஐசலினில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டில், சேலைக் கடைக்குப் பக்கத்து டிராவல் ஏஜென்சியில் ஒரு குஜராத்திக்காரர் பாஸ்போர்ட் படமும் எடுப்பார், நோட்டரி முத்திரையும் போடுவார். வலது கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். ஒரு வரி படிக்காமல் முத்திரை குத்தினார். அவர் சான்று சொல்வது கையெழுத்துக்கு மட்டும், உண்மைக்கு அல்ல. அதுதான் சரியான முறை. கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் கட்டு கூரியரில் போனது.

வீட்டில் மகள் மூன்று நாள் என்னிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள்.

என் நேர்முகத்தன்று காலை அவள் காரை நிறுத்திவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "கேட்டா மட்டும் பதில் சொல்லுங்கப்பா. வாலன்டியர் பண்ணாதீங்க." பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட் அனைத்தையும் கொண்டுவரவும் என்று அழைப்பிலேயே இருந்தது. கொண்டுபோனேன். மனைவியும் நானும் ஒரு பெண் அதிகாரியின் முன் உட்கார்ந்தோம். பிறந்த தேதி, திருமணத் தேதி, மகளின் குடியுரிமைச் சான்றிதழ் எல்லாம் சீராகப் போயின. பிறகு பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார். அரபி. இடமிருந்து பார்த்தார், வலமிருந்து பார்த்தார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். விரல் சரியாக அந்த இடத்தில் இருந்தது.

பத்து வருடம் முன்பு என் மேஜை முன் நின்று வேறொருவர் கேட்ட அதே கேள்வி. அங்கே மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. நிர்வாக அதிகாரி என்று நான் சொல்லியிருந்தால் அவர் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்.

"சமையல்காரர்," என்றேன்.

மனைவியின் வளையல் மேஜையில் தட்டியது. அதிகாரி என் விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீங்கள் சமையல்காரரா? இல்லை. நான் வாக்குமூலத்தின் நகலை நீட்டினேன். இரண்டு பக்கத்தையும் படித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. நல்ல அதிகாரிகளுக்கு இருக்காது. படித்து முடித்து மனைவியிடம் திரும்பி, உங்கள் கணவர் சமைப்பாரா என்று கேட்டார்.

"நோ, நோ," என்றாள் மனைவி பதறிப்போய். "நெவர். காபி ஆல்சோ நோ."

அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். முடிவைத் தபாலில் தெரிவிப்போம் என்றார். மனைவியினுடையது அன்றே முடிந்தது. என்னுடைய கோப்பு மட்டும் மேஜையின் மறுபக்கத்தில், தனியாக வைக்கப்பட்டது. அந்த மறுபக்கம் எனக்குத் தெரியும். நானும் ஒன்று வைத்திருந்தேன்.

ஆறு வாரம் தபால்பெட்டிக்கும் வீட்டுக்கும் நடந்தேன். முதலில் வந்த சேதி எனக்கானதல்ல. ஒரு மதியம் வேன் வந்து நின்றது; பள்ளியின் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்ற கடிதத்தை அவர் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு இறங்கினார். பேத்தி வாசலிலிருந்தே கத்தினாள். மகள் உள்ளேயிருந்து வந்து, அவருக்குக் கை கொடுத்து, என்னைப் பார்க்காமல், "காபி போடறேன்" என்றாள்.

அடுத்த வாரம் எனக்கு வந்தது. கடைசிப் பத்தியைப் படித்தேன். தொழில் குறித்த முரண்பாட்டை நேரில் அறிந்த ஒருவரின் வாக்குமூலத்துடன் விளக்கவும். அவருக்கு வந்த அதே கேள்விதான், ஆள் மட்டும் மாறியிருந்தது. என்னை நேரில் அறிந்தவர், உயிரோடு இருப்பவர், விலாசம் தெரிந்தவர் இந்தக் கண்டத்தில் ஒரே ஒருவர்தான். ஐசலினில் அதே குஜராத்திக்காரர் அவருடைய வலது கையைத் தூக்கச் சொன்னார்.

கார்டு எனக்கு வந்துசேர்ந்தது, தாமதமாக. அதைவிட அந்த வாக்குமூலம் வீட்டுக்குள் வந்த நாள்தான் நினைவில் நிற்கிறது. வக்கீல் தட்டச்சு செய்ததை மகள் படித்து, அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். இவரை நான் ஐந்து வருடம் அறிவேன். கழகத்தின் மேலாளராக இருந்தார். என் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் தனியாக இருந்தபோது, பதினோரு நாள் இவரே எனக்குச் சமைத்துப் போட்டார். ஆகவே இவர் சமையல்காரர் அல்ல என்பதைச் சொந்த அனுபவத்தில் உறுதியாகக் கூறுகிறேன்.

மகள் நிறுத்தினாள். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"பதினோரு நாளுங்களா?" என்றாள். "கட்டிக்கிட்டு முப்பத்தாறு வருசம். காச்சல்ல கெடந்தப்பக்கூட ஒரு வாய் ரசம் வெச்சுக் குடுத்ததில்ல. அடுப்புப் பத்தவெக்கவே தெரியாதுன்னீங்க. நானும் அந்த ஆபீசரம்மாகிட்ட நெவருன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறன்."

செயப்பாட்டு வினையில் ஏதாவது சொல்ல முடியுமா என்று யோசித்தேன். முடியவில்லை. கீரையை என் பக்கம் தள்ளினாள்.